யூதத் தேசியவாதம் எப்படிப் பிறந்தது, அதற்கு யார் யார் ஏன் கைகொடுத்தார்கள்?

சியோனிசம் என்ற சொல்லைச் செய்திகளில் கேட்பவர்கள் பலர் அதை யூத மதத்தின் ஒரு பகுதி என்று நினைக்கிறார்கள். இன்னும் பலர், ஹிட்லரின் யூதப் படுகொலைக்குப் பிறகு உலகம் செய்துகொடுத்த ஏற்பாடு என்று நினைக்கிறார்கள். இரண்டும் பிழை. சியோனிசம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்த அரசியல் இயக்கம். இத்தாலியர், போலந்துக்காரர், செர்பியர் எல்லோரும் "நாங்கள் ஒரு தேசம், எங்களுக்கு ஓர் அரசு வேண்டும்" என்று எழுந்த அதே காலத்தில் அதுவும் எழுந்தது.

ஆனால் அந்தத் தேசியவாதங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. போலந்துக்காரர் தாம் வாழ்ந்த மண்ணிலேயே அரசு கேட்டார்கள். யூதர்கள் கேட்ட மண்ணான பாலஸ்தீனத்தில் அவர்களில் மிகச் சிலரே வாழ்ந்தார்கள். பெரும்பான்மையாக அரபு மக்கள் வாழ்ந்தார்கள். ஆட்சி செய்தவரோ ஒட்டமான் என்ற துருக்கியப் பேரரசின் சுல்தான். படையும் இல்லை, பெரும்பான்மையும் இல்லை, ஆட்சியும் இல்லை. எனவே ஏதாவது ஒரு வல்லரசின் ஒப்புதல் இல்லாமல் இந்த இயக்கம் நகரவே முடியாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பெயர்களும் ஆண்டுகளும் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஏக்கம் வேறு, அரசியல் வேறு

சியோன் என்பது ஜெருசலேமில் உள்ள ஒரு குன்று. நகரத்துக்கே அது மறுபெயரானது. கி.பி. 70இல் ரோமானியர் இரண்டாம் கோவிலை இடித்த பிறகு, அந்த நகரத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற வேண்டுதல் யூத வழிபாட்டில் ஊறிப்போனது. பாஸ்கா விருந்தின் முடிவில் "அடுத்த ஆண்டு ஜெருசலேமில்" என்று சொல்வது வழக்கம். ஜெருசலேம், ஹெப்ரோன், சஃபேத், திபேரியாஸ் ஆகிய ஊர்களில் சிறிய யூதக் குடிகள் தொடர்ந்து வாழ்ந்தும் வந்தார்கள்.

ஆனாலும் மரபான நம்பிக்கையில், மக்கள் கூட்டமாகத் திரும்புவது மெசியா என்ற மீட்பர் வரும்போது இறைவன் நடத்த வேண்டிய காரியம். மனிதர்கள் கூட்டம் போட்டு, நிதி திரட்டி, தூதர்களை அனுப்பி நடத்த வேண்டியதாக அது கருதப்படவில்லை. அதனால்தான் பின்னாளில் சியோனிசத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் பழைமை வழுவாத ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், முன்வரிசையில் நின்றார்கள். விதிவிலக்குகளும் இருந்தன. பிரஷ்யாவில் இருந்த ரபி ஸ்வி ஹிர்ஷ் காலிஷர், மனித முயற்சியே மீட்சியின் முதல் படி என்று 1862இல் எழுதினார்.

குடியுரிமை தீர்க்காத சிக்கல்

1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு யூதர்களுக்கு முழுக் குடியுரிமை தந்தது. அதற்குள் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: தனிமனிதர்களாக உங்களுக்கு எல்லாம் உண்டு, ஒரு தேசமாக எதுவும் கிடையாது. மேற்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் இதை மகிழ்ந்தே ஏற்றார்கள். பிரெஞ்சு நாட்டு யூதர், ஜெர்மன் நாட்டு யூதர் என்று வாழத் தொடங்கினார்கள். இந்த ஏற்பாடு நீடிக்காது என்று சொன்ன ஆரம்பக் குரல்களில் ஒன்று மோசஸ் ஹெஸ் என்ற ஜெர்மன் சோசலிஸ்டுடையது. 1862இல் அவர் எழுதிய நூலை அப்போது கவனித்தவர்கள் மிகக் குறைவு.

உண்மையான நெருக்கடி கிழக்கே இருந்தது. ரஷ்யப் பேரரசின் 1897 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யூதர்கள் ஏறத்தாழ 52 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பேரரசின் மேற்கு மாகாணங்களில் மட்டுமே குடியிருக்கலாம் என்பது சட்டம். 1881 மார்ச்சில் ஜார் மன்னன் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மீது விழுந்தது. சில வாரங்களில் எலிசவெத்கிராத் நகரில் தொடங்கிய தாக்குதல்கள் கீவ் உள்ளிட்ட தென்பகுதி முழுவதும் பரவின. வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. போக்ரோம் என்ற ரஷ்யச் சொல் உலகுக்குப் பழக்கமானது இப்படித்தான். அரசு பாதிக்கப்பட்டவர்களையே தண்டித்தது: 1882 மே மாதச் சட்டங்கள் யூதர்கள் கிராமப்புறங்களில் புதிதாகக் குடியேறத் தடை விதித்தன.

ஒடெசாவில் மருத்துவராக இருந்த லியோன் பின்ஸ்கர் அதுவரை, யூதர்கள் ரஷ்யக் கல்வி கற்று ரஷ்யச் சமூகத்தோடு கலந்துவிட்டால் வெறுப்பு தீரும் என்று நம்பியவர். 1882இல் அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய சிறு நூலின் பெயரே 'சுய விடுதலை'. யூத வெறுப்பு தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் ஒரு மனநோய். வாதாடி அதைக் குணப்படுத்த முடியாது. யூதர்களுக்கென்று ஒரு நிலம் இருந்தால்தான் தீர்வு. இதுதான் அவர் வாதம். அந்த நிலம் பாலஸ்தீனமாகவே இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்ஸ்கரின் தலைமையில் 1884இல் கட்டோவிட்சில் 'சியோன் நேசர்கள்' குழுக்கள் கூடின. பின்னாளில் இயக்கத்தின் முகமான தியோடர் ஹெர்சலுக்கு முன்பே அது உயிரோடு இருந்தது.

அந்தக் குழுக்களும் அவற்றை ஒத்தவர்களும் 1882 முதல் பாலஸ்தீனத்தில் ரிஷோன் லெசியோன் போன்ற குடியேற்றங்களை அமைத்தார்கள். விரைவிலேயே அவை தள்ளாடின. வந்தவர்கள் நகரவாசிகள், உழவு தெரியாது. சதுப்பு நிலத்தில் மலேரியா. ஒட்டமான் அரசு குடியேற்றத்துக்கும் நிலம் வாங்குவதற்கும் தடை போட்டுக்கொண்டே இருந்தது. பாரிசிலிருந்து பாரன் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்டு பணம் அனுப்பிக் காப்பாற்றினார். கூடவே தம் மேலாளர்களையும் அனுப்பினார். குடியேறிகள் அவர்களின் உத்தரவுக்குக் காத்திருப்பவர்களாகிப் போனார்கள். நிலச் சிக்கலும் அப்போதே முளைத்தது. ஊரில் இல்லாத நிலக்கிழாரிடமிருந்து நிலம் சட்டப்படி வாங்கப்பட்டது. அதை உழுதுவந்த அரபுக் குடியானவருக்கு அந்தப் பத்திரத்தில் இடமில்லை. பெத்தா திக்வாவில் 1886லேயே மோதல் நடந்தது. 1891இல் அங்கே போய்வந்த எழுத்தாளர் அஹத் ஹாஆம், உழப்படாத நல்ல நிலம் அங்கே அரிது என்றும், குடியேறிகள் அரபு மக்களைக் கடுமையாக நடத்துகிறார்கள் என்றும் வெளிப்படையாக எழுதினார். இயக்கத்துக்கு உள்ளிருந்தே வந்த எச்சரிக்கை இது.

இன்னொரு அளவும் தெரிந்திருக்க வேண்டும். 1881க்கும் 1914க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவை விட்டு வெளியேறிய யூதர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. பாலஸ்தீனத்துக்குப் போனவர்கள் சில பத்தாயிரம் பேர்தான், அவர்களிலும் பலர் திரும்பிவிட்டார்கள். போகாமல் நின்றவர்களில் ஒரு பகுதியினர் 1897இல் வில்னாவில் தொடங்கிய பண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சியில் சேர்ந்து, இருக்கும் இடத்திலேயே உரிமைக்குப் போராடினார்கள். முதல் உலகப் போருக்கு முன் யூதர்களிடையே சியோனிசம் சிறுபான்மைக் கருத்துதான்.

ஹெர்சல் சேர்த்தது என்ன?

தியோடர் ஹெர்சல் 1860இல் புடாபெஸ்டில் பிறந்தவர். வியன்னாவின் பெரிய நாளிதழ் ஒன்றின் பாரிஸ் செய்தியாளர். டிரைஃபஸ் என்ற, யூதரான பிரெஞ்சுப் படை அதிகாரி மீது 1894இல் நடந்த பொய்த் தேசத்துரோக வழக்கைப் பார்த்துத்தான் அவர் சியோனிஸ்டானார் என்று பாடநூல்கள் சொல்லும். ஹெர்சலும் பின்னாளில் அப்படிச் சொன்னார். ஆனால் வரலாற்றாய்வாளர்கள் பலர் அதைவிட வியன்னாவையே காரணமாகக் காட்டுகிறார்கள்: 1895இல் அங்கே யூத வெறுப்பையே தேர்தல் முழக்கமாக்கிய கார்ல் லூகரின் கட்சி நகரசபையைக் கைப்பற்றியது. எனக்கும் இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. வாக்காளர்களே விரும்பித் தேர்ந்தெடுக்கும் வெறுப்பு, ஒரு நீதிமன்றத்தின் அநீதியைவிட நம்பிக்கையை ஆழமாக உடைக்கும்.

1896இல் வெளியான 'யூத அரசு' என்ற அவருடைய சிறு நூலின் மையக் கருத்து எளியது. யூதர் பிரச்சினை தனிநபர் பிரச்சினையோ மதப் பிரச்சினையோ அல்ல, தேசியப் பிரச்சினை. அதை வல்லரசுகளோடு பேசி, உலகறிய, சட்டப்படி தீர்க்க வேண்டும். ஐந்து குடும்பங்கள் பத்துக் குடும்பங்கள் என்று திருட்டுத்தனமாகக் குடியேறுவதை அவர் விரும்பவில்லை. முதலில் சாசனம், பிறகு குடியேற்றம்.

முதல் சியோனிஸ்ட் மாநாட்டை மியூனிக்கில் நடத்தத்தான் திட்டமிட்டார். அந்நகர யூதச் சமூகமே எதிர்த்ததால் சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்கு மாற்றினார். 1897 ஆகஸ்ட் 29 முதல் 31 வரை ஏறத்தாழ 200 பேர் கூடினார்கள். அங்கே நிறைவேறிய திட்டம் ஒரே வாக்கியத்தில் இலக்கைச் சொன்னது: யூத மக்களுக்குப் பாலஸ்தீனத்தில் பொதுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட ஒரு தாயகம். 'அரசு' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். சுல்தானைச் சீண்டக்கூடாது என்பதே காரணம். நான்கு வழிகளும் வகுக்கப்பட்டன: உழவர், கைவினைஞர், தொழில் செய்வோரைக் குடியேற்றுவது, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு யூதர்களை அமைப்பாக்குவது, தேசிய உணர்வை வளர்ப்பது, தேவையான அரசுகளின் ஒப்புதலைப் பெறுவது.

பேச்சோடு நிற்காமல் கருவிகளையும் உருவாக்கினார்கள் என்பதே மற்ற குழுக்களிலிருந்து இந்த அமைப்பைப் பிரித்துக் காட்டியது. 'ஷெகல்' என்ற சிறு ஆண்டுக் கட்டணம் செலுத்தியவருக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. 1898 மாநாடு முதல் பெண்களுக்கும் வாக்கு. 1899இல் ஒரு வங்கி. 1901இல் நிலம் வாங்க யூதத் தேசிய நிதி. அந்த நிதி வாங்கிய நிலத்தை விற்கக் கூடாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம் என்பது விதி. ஆக, அரசு பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தேர்தல், வரி, வங்கி, நில நிர்வாகம் என்று அரசின் உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழக்கத்தில் வந்துவிட்டன.

எதிர்ப்புக் குரலும் அன்றே ஹெர்சலின் மேசைக்கு வந்தது. ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் ஸியா அல் காலிதி 1899 மார்ச்சில் பிரான்சின் தலைமை ரபிக்கு ஒரு கடிதம் எழுதினார். யூதர்களின் வரலாற்று உறவை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டில் மக்கள் வாழ்கிறார்கள், கடவுளின் பெயரால் பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கடிதம் ஹெர்சலுக்குப் போனது. குடியேற்றத்தால் அரபு மக்களுக்குச் செல்வம்தான் பெருகும் என்று ஹெர்சல் பதில் எழுதினார். காலிதி எழுப்பியது அந்நாட்டில் வாழும் மக்களைப் பற்றிய கேள்வி. ஹெர்சல் தந்தது பொருளாதாரக் கணக்கு. அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த உரையாடல் இதே தடத்தில்தான் ஓடியது.

தட்டிய கதவுகள்

ஹெர்சல் 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மைச் சந்தித்தார். பேரரசர் முதலில் ஆர்வம் காட்டி, பிறகு ஒதுங்கினார். 1901இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்து, ஒட்டமான் பேரரசின் கடனைத் தீர்க்க உதவுவதாகச் சொல்லிப் பார்த்தார். பேரரசின் பிற பகுதிகளில் யூதர்கள் சிதறிக் குடியேறலாம், பாலஸ்தீனத்தில் முடியாது என்பதே சுல்தான் தரப்பின் நிலை. 1904இல் போப் பத்தாம் பயஸ் நேருக்கு நேர் மறுத்தார்.

1903 ஏப்ரலில் ரஷ்யப் பேரரசின் கிஷினெவ் நகரப் படுகொலையில் 49 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டே பிரிட்டன் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நிலப்பகுதியைத் தர முன்வந்தது. 'உகாண்டா திட்டம்' என்று பெயர் நிலைத்துவிட்டாலும் அந்த நிலம் இன்றைய கென்யாவில் இருக்கிறது. அதை ஆராய ஒரு குழு அனுப்பலாமா என்று கேட்டபோதே ஆறாவது மாநாடு பிளந்தது: 295 பேர் ஆதரவு, 178 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் முன்னே நின்றவர்கள், படுகொலையின் நிழலில் வாழ்ந்த ரஷ்ய யூதர்களின் பிரதிநிதிகள். 1904இல் ஹெர்சல் இறந்தார். 1905 மாநாடு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பாலஸ்தீனம் தவிர வேறெங்கும் இல்லை என்பது அன்றோடு முடிவானது.

ஆதரித்தவர்களின் கணக்கு

வெளியார் ஆதரவை 'யூதர்கள் மீதான பரிவு' என்று மட்டும் படித்தால் பல நிகழ்வுகள் புரியாமல் போகும். ஆதரவாளர்களில் குறைந்தது மூன்று வகையினர் உண்டு.

பழைமையானவர்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். யூதர்கள் திருநாட்டுக்குத் திரும்புவது விவிலியத் தீர்க்கதரிசனத்தின் நிறைவேற்றம் என்று நம்பியவர்கள். பிரிட்டனில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு 1840லேயே, ஹெர்சல் பிறப்பதற்கு 20 ஆண்டு முன்பே, இதற்காக அரசை வற்புறுத்தினார். அமெரிக்காவில் வில்லியம் பிளாக்ஸ்டோன் என்ற போதகர் 1891இல் 413 பேரின் கையெழுத்தோடு குடியரசுத் தலைவர் ஹாரிசனுக்கு மனு கொடுத்தார், ராக்ஃபெல்லரும் ஜே.பி. மார்கனும் கையெழுத்திட்டவர்களில் அடக்கம்.

இரண்டாவது வகை, யூதர்கள் தம் நாட்டை விட்டுப் போனால் நல்லது என்று நினைத்தவர்கள். ரஷ்ய உள்துறை அமைச்சர் பிளேவ் கிஷினெவ் படுகொலைக்குச் சில மாதங்கள் கழித்து ஹெர்சலை வரவேற்றுப் பேசியதன் பொருள் இதுதான். பின்னாளில் 1917இல் யூதத் தாயகத்துக்குப் பிரிட்டனின் ஆதரவை அறிவிக்கும் பிரகடனத்தைத் தந்த ஆர்தர் பால்ஃபர் பிரதமராக இருந்தபோதுதான், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பிரிட்டனுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் 1905ஆம் ஆண்டு அந்நியர் சட்டம் நிறைவேறியது. ஆதரவும் விலக்கலும் ஒரே மனிதரிடம் குடியிருக்கலாம்.

மூன்றாவது வகைக்குப் பேரரசின் நலனே முதன்மை. முதல் உலகப் போரில் ஒட்டமான்கள் ஜெர்மனியோடு சேர்ந்ததும் பாலஸ்தீனம் பங்குக்கு வந்தது. சூயஸ் கால்வாய்க்கு அரணாக, இந்தியா செல்லும் பாதையின் காவலாக அது பிரிட்டனின் கையில் வேண்டும். பிரான்சுக்குப் போய்விடக் கூடாது. ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் உள்ள யூதர்கள் போரை ஆதரிக்க வேண்டும்; ஜெர்மனி முந்திக்கொண்டு அறிக்கை விட்டுவிடக் கூடாது. யூதர்களுக்கு உலக அரசியலில் பெரும் மறைமுகச் செல்வாக்கு இருக்கிறது என்ற, யூத வெறுப்பிலிருந்தே வந்த மிகைக் கற்பனையும் லண்டன் அமைச்சர்களை உந்தியது. மான்செஸ்டர் வேதியியலாளரும் சியோனிஸ்ட் தலைவருமான ஹைம் வைஸ்மன் போருக்கு வேண்டிய அசிட்டோன் தயாரிக்க வழி கண்டதற்குப் பரிசாகவே பிரகடனம் தரப்பட்டது என்ற கதையைப் பிரதமர் லாயிட் ஜார்ஜே பின்னாளில் எழுதிப் பரப்பினார். அதை நம்ப வேண்டாம். அந்த வேலை வைஸ்மனுக்கு அமைச்சர்களின் அறைகளைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

பிரிட்டன் தனியாகவும் இறங்கவில்லை. 1917 ஜூன் 4 அன்று பிரெஞ்சு வெளியுறவு அதிகாரி ஜூல் காம்போன், சியோனிஸ்ட் தலைவர் நாஹும் சோகோலோவுக்கு ஆதரவுக் கடிதம் தந்திருந்தார். அக்டோபரில் அமெரிக்கத் தலைவர் வில்சனும் இசைவு தெரிவித்தார்.

67 சொற்களைப் படிக்கும் முறை

1917 நவம்பர் 2 தேதியிட்ட பால்ஃபரின் கடிதம் வால்டர் ரோத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதப்பட்டது. அதன் மையம் ஆங்கிலத்தில் 67 சொற்கள் கொண்ட ஒற்றை வாக்கியம். அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிப்பது நல்லது.

முதல் பகுதி, "பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு ஒரு தேசியத் தாயகம்" அமைவதை அரசு ஆதரிப்பதாகச் சொல்கிறது. ஜூலையில் சியோனிஸ்டுகள் தந்த வரைவு, பாலஸ்தீனமே யூதர்களின் தேசியத் தாயகமாக மீண்டும் அமைக்கப்பட வேண்டும் என்றது. இறுதி வடிவில் 'பாலஸ்தீனத்தில்' என்றாகிவிட்டது. முழு நாடா, நாட்டின் ஒரு பகுதியா? அரசா, தன்னாட்சியா? எல்லை எது? வாக்கியம் எதையும் சொல்லவில்லை. பல நாடுகளும் பல அமைச்சர்களும் ஒப்ப வேண்டியிருந்ததால் மங்கலாகவே விடப்பட்டது. அந்த மங்கல்தான் அடுத்த முப்பது ஆண்டு வழக்கின் வித்து.

இரண்டாம் பகுதி, அங்கே உள்ள "யூதரல்லாத சமூகங்களின்" குடிமை, மத உரிமைகளுக்குக் கேடு வரக் கூடாது என்கிறது. அன்று மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கினர் இவர்கள். ஆனால் அரபியர் என்ற பெயர் வாக்கியத்தில் இல்லை. அரசியல் உரிமை என்ற சொல்லும் அவர்கள் பக்கம் இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

மூன்றாம் பகுதி, பிற நாடுகளில் யூதர்கள் அனுபவிக்கும் உரிமையும் அரசியல் நிலையும் குறையக் கூடாது என்கிறது. இது பிரிட்டிஷ் யூதர்களின் அச்சத்துக்குப் பதில். அந்த அச்சத்தின் உரத்த குரல் நமக்குத் தெரிந்த பெயர்தான்: எட்வின் மாண்டேகு. இந்தியாவுக்கான அமைச்சரும் அரசின் ஒரே யூத அமைச்சருமான அவர், 1917 ஆகஸ்ட் 20இல் இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தருவதாக அறிவித்தார். மூன்று நாள் கழித்து, தம் அரசின் சியோனிச ஆதரவுக் கொள்கை யூத வெறுப்புக்கே துணைபோகிறது என்று கண்டித்து ஒரு குறிப்பைச் சுற்றுக்கு விட்டார். 'உன் தாயகம் பாலஸ்தீனம், அங்கே போ' என்று ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை விரட்டும் என்பது அவர் பயம். இந்தியாவின் முன்னாள் வைஸ்ராய் கர்சன் பிரபுவோ, அங்கே வாழும் மக்களின் கதி என்ன என்று கேட்டார். அக்டோபர் 31 அன்று அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மாண்டேகு சீர்திருத்தப் பணிக்காக இந்தியாவுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அந்தப் பயணத்தின் விளைவாக வந்த சட்டத்தின் கீழ்தான் 1920இல் சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி அமைந்தது.

கடிதம் சட்டமான விதம்

ஓர் அமைச்சரின் கடிதத்துக்குத் தானாகச் சட்ட வலு கிடையாது. 1917 டிசம்பரில் பிரிட்டிஷ் படை ஜெருசலேமைப் பிடித்தது. 1920 ஏப்ரலில் சான் ரெமோ மாநாட்டில் நேச நாடுகள் பாலஸ்தீன ஆட்சிப் பொறுப்பைப் பிரிட்டனுக்கு ஒதுக்கின. 1922 ஜூலை 24இல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் அதற்கான 28 பிரிவுகள் கொண்ட ஆணையை உறுதி செய்தது. பால்ஃபரின் வாக்கியம் அதன் முகவுரைக்குள் வந்து அமர்ந்தது. நான்காம் பிரிவு யூத முகமை ஒன்றை ஆட்சிக்கு ஆலோசனை சொல்லும் அமைப்பாக ஏற்றது. ஆறாம் பிரிவு யூதக் குடியேற்றத்துக்கு வசதி செய்யச் சொன்னது. அரபு மக்களுக்கு அதற்கிணையான முகமை எதுவும் இல்லை. 25ஆம் பிரிவு யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே தாயகக் கொள்கையை நிறுத்திவைக்க அனுமதித்தது. அதே செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமும் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. பேசல் மாநாடு கேட்ட 'பொதுச் சட்டப் பாதுகாப்பு' 25 ஆண்டில் கைக்கு வந்துவிட்டது.

1922 கணக்கெடுப்பில் பாலஸ்தீனத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.57 லட்சம், அதில் யூதர்கள் ஏறத்தாழ 84 ஆயிரம். இந்த விகிதத்தை மாற்றியதில் வெளியார் மூடிய கதவுகளுக்கும் பெரும் பங்குண்டு. 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் தப்பியோடியவர்களை ஏற்க நாடுகள் தயங்கின. 1938இல் எவியன் மாநாட்டில் கூடியவர்கள் இரக்கம் சொன்னார்கள், பெரும்பாலோர் இடம் தரவில்லை. பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக எழுந்த அரபு எழுச்சிக்குப் பிறகு பிரிட்டனும் பின்வாங்கி, அடுத்த ஐந்தாண்டில் 75,000 யூதர்களுக்கு மட்டுமே அனுமதி என்று 1939இல் அறிவித்தது. அந்த ஐந்தாண்டில்தான் ஐரோப்பிய யூதர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள்.

1947 நவம்பர் 29இல் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தை யூத அரசு, அரபு அரசு என இரண்டாகப் பிரிக்கும் தீர்மானத்தை 33க்கு 13 என்ற வாக்கில் ஏற்றது; 10 நாடுகள் நடுநிலை. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஆதரித்தன, பிரிட்டன் நடுநிலை வகித்தது. ஈரான், யுகோஸ்லாவியாவோடு சேர்ந்து ஒரே கூட்டாட்சி நாடு என்ற மாற்றுத் திட்டத்தை முன்வைத்திருந்த இந்தியா எதிர்த்து வாக்களித்தது. யூதத் தலைமை பிரிவினையை ஏற்றது, அரபு நாடுகள் மறுத்தன. தொடர்ந்த போரில் 1948 மே 14 அன்று இஸ்ரேல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்து அகதிகளானார்கள்.